பேணுதலான பையன்

அதான் தம்பி, எம் மவன் நல்லா இருக்கான், ஒரு தொந்தரவும் இல்லேன்னு நானேதான் போன்ல சொன்னேன். இல்லேங்கல. உங்க ஆசுபத்திரியில இருந்து யார் கூப்பிட்டாலும் அதத்தான் சொல்லிக்கிட்டு வாரேன். ஆனா அத நான் நம்பறதில்ல. இன்னிக்கி நேத்தில்ல, பல வருசமாவே நம்பறதில்ல. நம்பாமதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். நீங்க கையில வச்சிருக்கறத கொஞ்சம் கீழ வைங்க. தொட்டு எழுதற டேப்பு தானே? ம், வைங்க. தொந்தரவு இல்லன்னு இப்பவே தட்டிராதீங்க.

இப்படி இந்தச் சேருக்கு வாங்க. அந்த ஸ்டூலு ஆடும். முட்டைத் தட்டு மேல சாஞ்சுட்டீங்கன்னா உங்களுக்கும் நஷ்டம், எனக்கும் நஷ்டம். நாத்தம் அடிக்குதா? முட்டை மண்டின்னா அடிக்கத்தான் செய்யும். உங்க சட்டையில ரெண்டு நாள் நிக்கும், தொவைச்சா போயிரும். உங்க ஆசுபத்திரி வாடை எங்க மூக்குல இருவது வருசத்துக்கு மேல நிக்குது, நாங்க யார்கிட்ட போய்ச் சொன்னோம்?

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், எனக்கும் அவசரம் இருக்கு. என் பேரனுக்கு வர்ற வியாழக்கிழமை உங்க பெரிய டாக்டரு தேதி குடுத்திருக்காரு. அதே ஆப்ரேசன். அப்பனுக்கு வந்தது புள்ளைக்கும் வந்திருக்கு. புள்ளையோட அப்பன், அதான் எம் மவன் அப்ராரு, கூட்டிக்கிட்டு வர மாட்டேங்கறான். வரணுமா வேணாமான்னு எங்க வீட்ல ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. அதச் சொல்லணும்னா, சின்ன வயசுல அதே மேசையில படுத்து எந்திரிச்ச இவன் எப்படி இருக்கான்னு தெரியணும். நீங்க பஸ் ஏறி வந்து கேக்கறதும் அதத்தான். ஒரே வீட்ல இருந்துக்கிட்டு நான் கேக்காம விட்டதும் அதத்தான்.

என்னமோ கணக்கு பண்றீங்களாமே நீங்க. எந்தப் புள்ளைக்கு ஒழுகும், எந்தப் புள்ளைக்கு அடைக்கும், எவனுக்குத் தையல் விடும்னு கத்தி வைக்கறதுக்கு முன்னாலயே சொல்ற கணக்கு. ஓட்டை எங்க இருக்கு, வளைவு எவ்வளவு, வயசென்ன, எல்லாத்தையும் உள்ள போட்டா மிசினு சொல்லிருமாம். நல்லதுங்க. எங்க தொழில்ல இது பழசு. நாளைக்கு முட்டை வெல ஏறுமா எறங்குமான்னு நாமக்கல்ல பொறந்த ஒவ்வொருத்தனும் சொல்வான். ஏறுச்சுன்னா, நான் அப்பவே சொன்னேன்லம்பான். எறங்குச்சுன்னா, கேரளாவுல மழை புடிக்கும்னு யார் கண்டாம்பான். ஆனா ஒண்ணு, அவன் சொன்னது தப்புன்னா சாயந்தரத்துக்குள்ள அவனுக்கே தெரிஞ்சிரும். சரக்கு திரும்பி வாசல்ல வந்து நிக்கும். உங்க வாசல்ல யார் வந்து நிக்கறது?

ஜோசியம் இல்லேங்கறீங்களா. பழைய பசங்க எப்படி இருக்காங்கன்னு பாத்து, அத வச்சுத்தான் சொல்றோம்ங்கறீங்க. அதுக்குத்தான் வாரேன் தம்பி. பாத்துன்னு சொல்றீங்களே, யார் பாத்தா?

நான் சொல்றேன் கேளுங்க. உங்க ஆசுபத்திரியில இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணும். சார், பையன் நல்லா யூரின் போறானா? நான் போனைக் கையால பொத்திக்கிட்டு, மஸ்தான் பீவீன்னு என் வீட்டுக்காரியக் கூப்பிடுவேன். அவ அடுப்படியில இருந்து, அப்ராரு, நல்லா போறியாடாம்பா. அவன் மாடியில எங்கயோ இருந்துக்கிட்டு, ம்ம்பான். இவ எங்கிட்ட, நல்லா போறானாமுங்கம்பா. நான் போன்ல, நல்லா போறாங்க மேடம்பேன். அந்தப் பொண்ணு எழுதிக்கும். ஒரு ம்ம் தம்பி. ஒரே ஒரு ம்ம். அது நாலு வாய் தாண்டிப் போயி உங்க மிசினுக்குள்ள விழுந்து, நூத்துக்கு இவ்வளவுன்னு வெளிய வருது. கோட்டுப் போட்டுக்கிட்டு அதப் படிச்சுச் சொல்றீங்க.

சிரிக்கறீங்க. சிரிங்க. நானும் சிரிச்சவன்தான்.

இவன் பொறந்தப்ப ஒண்ணுக்குப் போற ஓட்டை நுனியில இல்ல. அடிப்பக்கம், நடுவாந்தரத்துல இருந்துச்சு. அதுக்கு நீங்க ஒரு பேர் வச்சிருக்கீங்க, அது என் வாய்ல நுழையாது. மூணு வயசுல கொண்டாந்தோம். உங்க பெரிய டாக்டரு அப்ப பெரிய டாக்டரு இல்ல, தலை நெறைய முடி வச்சிருந்தாரு. காயிதத்துல படம் போட்டுக் காட்டுனாரு. பத்துப் புள்ளையில ஒண்ணு தகராறு பண்ணும், ஆனா உங்க பையன் தோலு நல்ல தோலு, இவனுக்கு ஒண்ணும் வராதுன்னாரு. நல்ல தோலாம். செருப்புக் கடைக்கா வந்திருக்கோம்? இருந்தாலும் அன்னிக்கி காதுக்கு நல்லா இருந்துச்சு, ஒத்துக்கறேன். சுன்னத்தும் அதோட முடிஞ்சு போச்சு, தனியா ஒரு செலவு மிச்சம்னு எங்க அண்ணன் கூட சொன்னாரு. அவரு அப்படித்தான்.

குழாய் வச்சுப் படுக்க வச்சிருந்தீங்க. அத உருவுன அன்னிக்கி அவன் போட்ட சத்தம் இருக்கே. மேல் மாடியில பிரசவத்துக்கு வந்த பொம்பளைங்க எறங்கி வந்து எட்டிப் பாத்தாங்க. அதுக்கப்பறம் வெள்ளைக் கோட்டு எங்க தெரிஞ்சாலும் அவங்கம்மா சேலைக்குள்ள போயிருவான். முடி வெட்டறவரு வெள்ளத் துண்டு போத்தினாக்கூட அழுவான். அப்படிப்பட்டவன்கிட்ட போயி, நல்லா போறியாடான்னு கேட்டா வேற என்ன தம்பி சொல்லுவான்? ஒழுகுதுன்னு சொன்னா மறுபடி அங்க கூட்டிட்டுப் போவாங்கன்னு மூணு வயசுப் புள்ளைக்குத் தெரியாதா? உங்க மிசினுல எல்லாத்துக்கும் ஒரு கட்டம் இருக்கு. பயத்துக்கு ஒரு கட்டம் இருக்கா?

பெத்தவன் நீங்க பாக்கலையான்னு கேக்கறீங்க. அஞ்சாறு வயசு வரைக்கும் மஸ்தான் பீவி பாத்தா. தழும்பு ஆறிப்போச்சுன்னா. அதுக்கு மேல எந்தப் பையன் காட்டுவான்? எங்கள்ல தொப்புள்ல இருந்து முட்டிக்கால் வரைக்கும் ஆம்பளைக்கும் மறைக்கற எடம். அப்பனே ஆனாலும் பாக்கக் கூடாது. சரி, போறப்பவாவது பாத்திருக்கலாம்லன்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கலே. எங்கள்ல உக்காந்துதான் போவணும். அதுதான் நபிவழி. நின்னுக்கிட்டுப் போறவனப் பாத்தா எங்க பெரியவங்க மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. உங்க பசங்க பள்ளிக்கூடத்துச் செவுத்தோரமா வரிசையா நின்னு யார்து தூரமா போவுதுன்னு போட்டி போடுவாங்கல்ல? அங்க ஒருத்தன்து சிதறுனா அன்னிக்கே பட்டப்பேரு வச்சிருவானுங்க, மறுநாள் வீட்டுக்கு வந்துரும் சேதி. எங்க பையன் உக்காந்தான். கதவச் சாத்தினான். யாருக்கும் எதுவும் தெரியல. அதுக்கு மேல ஊரு என்ன பண்ணுச்சு தெரியுமா? பாராட்டுச்சு.

எங்க தெருவுல போயி கேட்டுப் பாருங்க, அப்ராரு எப்படிப்பட்டவன்னு. பேணுதலான பையன்பாங்க. பேணுதல்னா, மார்க்கத்துல சொன்னத ஒண்ணு விடாம, கவனமா, சுத்தமா கடைப்புடிக்கறது. எட்டு வயசுல மதரசாவுல ஓதிக்குடுக்கற ஹஜ்ரத்து இவன எழுப்பி நிக்க வச்சு மத்த பசங்களுக்குக் காட்டுனாராம். பாருங்கடா, நீங்கள்லாம் ஓடிப் போயி ஓடி வரீங்க, இவன் கடைசிச் சொட்டு நிக்கற வரைக்கும் இருந்து, கழுவி, தொடச்சுட்டு வரான். ஆமாமா, கடைசிச் சொட்டு. அந்தக் கடைசிச் சொட்டு என்னிக்கி நின்னுச்சுன்னு ஹஜ்ரத்துக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?

தொழுகைக்கு முன்னால கை கால் மூஞ்சி கழுவுவோம், ஒளுன்னு சொல்லுவோம் அத. ஒரு சொட்டு ஒண்ணுக்கு வந்தாலும் அது முறிஞ்சிரும், திரும்பக் கழுவணும். இவன் வீட்ல ஒருக்கா செய்வான். பள்ளிவாசல் போயி ஒருக்கா செய்வான். சில நாள் வரிசையில தோளோட தோள் சேத்து நின்னதுக்கப்பறம் சட்டுன்னு வெலகிப் போயி இன்னொருக்கா செஞ்சுட்டு கடைசி வரிசைக்கு வருவான். பக்கத்துல நிக்கறவன் எங்கிட்ட வந்து, ஜாபர் பாய், நீங்க குடுத்து வச்சவருங்கம்பான். நான் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பக்கம் போறவன். எனக்கு இப்படி ஒரு புள்ளையான்னு அவனுக்கு ஆச்சரியம். எனக்கும் ஆச்சரியம்தான். ஆனா எனக்குக் கூடவே ஒரு சந்தேகமும் வரும். சந்தேகம் வந்ததும் சலாம் சொல்லிட்டுக் கெளம்பிருவேன்.

எங்களுக்கு முட்டை ஏத்தி விடறவரு மயில்சாமி, நாமக்கல் பக்கம் பெரிய பண்ணை வச்சிருக்காரு. அவரு ஒரு நாள் போன்ல என்னய வாங்கு வாங்குன்னு வாங்குனாரு. ஏனுங் பாய், உங்கூட்டுப் பையன் எங்கூட்டுக்கு வந்தா ஒரு வாய் மோரு குடிக்க மாட்டேங்கறானுங்க, டீத்தண்ணி வேணாங்கறானுங்க, வெறுந்தண்ணி குடு சாமின்னாலும் வேணாங்கறானுங்க, எங்கூட்டுப் பாத்தரம் உங்களுக்கு ஆவாதுங்களா, நானென்ன தீண்டத்தகாதவனுங்களான்னாரு. எப்படி இருக்குது பாருங்க. அவரு பாத்தரம், அவரு சாதி, அவரு கௌரவம். நான் என்ன சொன்னேன்? அய்யய்யோ, அப்படி இல்லீங்க மயில்சாமிண்ணே, அவன் கொஞ்சம் பேணுதலான பையனுங்கன்னேன். அவருக்கு அந்த வார்த்தை புரியல. நோம்பு கீம்பா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு, சரி விடுங்கன்னு சமாதானமாயிட்டாரு. அறுவது மைல் வெயில்ல போயிட்டு வர்ற பய ஒரு வாய் தண்ணி குடிக்காம வர்றான், ஏன்னு அவரும் யோசிக்கல, நானும் யோசிக்கல. யோசிக்கலேன்னா பொய். யோசிச்சேன், விட்டுட்டேன்.

காலேஜ் சேத்து விட்டோம், திருச்செங்கோட்டுப் பக்கம், ஹாஸ்டல்ல. ஒரு மாசம் தாங்கல. பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டான். ஏண்டான்னா, அங்க வரிசையா மறைப்பில்லாம இருக்கு, சுத்தத்துக்குத் தண்ணி இல்ல, தொழுகை கெட்டுப் போவுதுன்னான். அவங்க பெரியத்தா, அதான் எங்க அண்ணன், கட்டிப் புடிச்சு அழுவறாரு, மார்க்கத்துக்காகப் படிப்பையே விட்டுட்டான், இந்தக் காலத்துல எவன் விடுவாம்பாரு. அந்த மனுசனுக்கு எதுக்கெடுத்தாலும் அழுவ வரும். நான் மண்டியில ஒரு சேரு கூடப் போட்டேன். இன்ஜினியர் ஆவ வேண்டியவன் ஒடைஞ்ச முட்டை பொறுக்கிக்கிட்டு உக்காந்தான்.

இல்ல தம்பி, கல்யாணம் ஆச்சு, புள்ள பொறந்துச்சு, அப்பறம் என்ன கொறைங்கறீங்களா? இதத்தான் எல்லாரும் சொல்றாங்க. புள்ள பொறந்துட்டா ஆம்பள முழுசுன்னு முத்திரை குத்திருவீங்க. மருமவ அஸ்பியா குமாரபாளையத்துப் பொண்ணு, நல்ல புள்ள, வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லாது. சொல்ற மாதிரி நாங்க வச்சிருந்தாத்தானே.

கொரோனாவுல பள்ளிவாசல மூடிட்டாங்கல்ல, அப்பத்தான் எனக்கு வசமா மாட்டுச்சு. வீட்லயே எல்லாரும் சேந்து தொழணும். ஒருத்தரு முன்னால நிக்கணும், மத்தவங்க பின்னால. வீட்ல ஓதத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான், கொரலும் நல்லா இருக்கும். நீ முன்னால நில்லுடான்னேன். மாட்டேன்னான். நீங்க நில்லுங்கத்தா, நீங்க இருக்கையில நான் நிக்கறது மரியாதை இல்லன்னான். மஸ்தான் பீவிக்குக் கண்ணுல தண்ணி. எனக்குத் தெரிஞ்சது நாலே நாலு சின்ன அத்தியாயம், அதுலயும் ஒண்ணு பாதியில நின்னுரும். நோம்பு மாசம் முழுக்க அந்த நாலையே மாத்தி மாத்தி ஓதறேன். பின்னால நின்னுக்கிட்டு அவன் மெதுவா எடுத்துக் குடுக்கறான். பெருநாள் அன்னிக்கும் அதே கூத்து. அண்ணன் மவனெல்லாம் சிரிப்ப அடக்க முடியாம தோளு குலுங்கறானுங்க.

அப்ப ஒரு நாள் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன். சும்மா பொதுவா கேக்கற மாதிரிக் கேட்டேன். நல்லா ஓதத் தெரிஞ்சவன் முன்னால நிக்க மாட்டேன்னா என்ன காரணமா இருக்கும்னு. பணிவா இருக்கும்னாரு. வேற இருக்குமான்னேன். அப்பறம் சொன்னாரு, சொட்டு நிக்காத சீக்கு இருக்கறவரு தனக்கு மட்டும் தொழுதுக்கலாம், அவருக்கு அது கூடும், ஆனா ஒடம்பு நல்லா இருக்கறவங்களுக்கு முன்னால நின்னு நடத்தக் கூடாது, அப்படி ஒரு சட்டம் இருக்குன்னாரு. யாருக்காகக் கேக்கறீங்கன்னாரு. சும்மாதான்னேன். அவரும் சும்மா விட்டுட்டாரு. எட்டு வயசுல எழுப்பி நிக்க வச்ச அதே ஹஜ்ரத்து.

அப்பவாவது கேட்டிருக்கலாம்லங்கறீங்க. கேட்டா பதில் வருமே தம்பி. பதில் வந்தா அந்த ஹாஸ்டலு, அந்த மோரு, அந்தக் கடைசி வரிசை எல்லாத்தையும் திரும்ப மொதல்ல இருந்து பாக்கணுமே. பேணுதலான புள்ளையப் பெத்தவன்னு ஊரு சொல்லிக்கிட்டு இருக்கையில, ஆசுபத்திரிக்குத் திரும்பிக் கூட்டிட்டுப் போவாத அப்பன்னு நானே சொல்லிக்கணும். எனக்கு அது தேவையான்னு இருந்துட்டேன். அத விடுங்க, அது என் கணக்கு.

இப்ப பேரன் பொறந்தான். ஷாஹுல்னு எங்கத்தா பேரு வச்சிருக்கோம். பொறந்த அன்னிக்கே நர்ஸம்மா துணிய வெலக்கிப் பாத்துட்டு, அட, முன்தோலு கம்மியா இருக்கேன்னு சொல்லியிருக்கு. அவ்வளவுதான். சம்பந்தி வீட்டம்மா கையத் தூக்கி அழுவறாங்க. மலக்குமாரு, அதான் வானவருங்க, வந்து சுன்னத்து பண்ணிட்டுப் போயிட்டாங்களாம். எங்கள்ல அப்படி ஒரு நம்பிக்கை இருக்கு, பொறக்கையிலயே சுன்னத்தாகிப் பொறக்கற புள்ள பாக்கியம் செஞ்ச புள்ளன்னு. குமாரபாளையத்துல ரெண்டு தெருவுக்கு அல்வா குடுத்திருக்காங்க. நான் போயி பாத்தேன். பாத்ததும் தெரிஞ்சிருச்சு, மலக்கு இல்ல, எங்க வீட்டு ரத்தம்னு. மேல தோலு கூடாரமாட்டம் இருக்கு, அடியில ஒண்ணும் இல்ல, ஓட்டை பாதியில. நிமுந்து அப்ராரப் பாக்கறேன். அவன் செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கறான்.

போன மாசம் உங்க பெரிய டாக்டருகிட்ட எல்லாரும் போனோம். அவரு ஸ்க்ரீனத் திருப்பிக் காட்டுனாரு. அந்தக் காலமெல்லாம் இல்ல பாய், இப்ப முன்னாலயே சொல்லிருவோம், உங்க பேரனுக்குத் தகராறு வர்றதுக்கு நூத்துக்கு நாலுதான்னாரு. எப்படி அவ்வளவு கம்மியாச் சொல்றீங்கன்னேன். நம்மகிட்ட பண்ணின பழைய பசங்க எல்லாரையும் சேத்துருக்கோம், இதோ, உங்க மகனே அதுல ஒருத்தருதான், ஒரு காம்ப்ளிகேசனும் இல்லன்னு இவன் முதுகுல தட்டுனாரு. எனக்குச் சிரிக்கறதா காறித் துப்பறதான்னு தெரியல. பயந்து போயி ஒரு புள்ள சொன்ன பொய்ய வச்சு அது பெத்த புள்ளைக்குத் தலையெழுத்துப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க.

அப்பறம் அவரு அஸ்பியாவுக்குச் சொன்னாரு. ஆப்ரேசன் முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் புள்ள ஒண்ணுக்குப் போறப்ப பாத்துக்கிட்டே இரும்மா, ஒரே தாரையா வந்தா தையல் புடிச்சிருச்சுன்னு அர்த்தம், நடுவுல வழி விட்டு ரெண்டா வந்தா ஒடனே கொண்டான்னாரு. அதுவரைக்கும் மரமாட்டம் நின்னவன், அப்ராரு, வாயத் தொறந்தான். ரெண்டா வந்தா மறுபடியும் அறுக்கணுமா டாக்டர்? ஆமாப்பா, சின்னதா ஒண்ணு, பயப்பட ஒண்ணும் இல்லன்னாரு அவரு. நல்லா தெரிஞ்சுக்கங்க, இருவத்தேழு வயசு ஆம்பள. கேட்டுட்டு என் கையப் புடிச்சான். வெளிய வந்ததும் சொல்லிட்டான், ஆப்ரேசன் வேணாம், அல்லா குடுத்தது அப்படியே இருக்கட்டும்னு. சம்பந்தி வீட்ல தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடறாங்க. பாத்தீங்களா, எவ்வளவு பேணுதலுன்னு.

அதனால தம்பி, வியாழக்கிழமைக்கு ரெண்டு கட்டிலு சொல்லி வைங்க. ஆமா, ரெண்டு. ரெண்டாவது யாருக்குங்கறீங்களா? பெரியவங்களுக்கு உங்ககிட்ட பண்ண மாட்டாங்களா? சின்னப் புள்ளைங்களுக்கு மட்டும்தானா? அவனும் உங்ககிட்ட வந்தப்ப சின்னப் புள்ளதான் தம்பி. யாரு பண்ணுவாங்கன்னு விசாரிச்சு வைங்க, அதுக்கு டேப்பு வேணாம், வாயால கேட்டாலே போதும்.

இல்ல, அவனா ஒண்ணும் சொல்லல. இன்னிக்கி வரைக்கும் நாங்க அதப்பத்தி மூஞ்சியப் பாத்துப் பேசல. நேத்து ரெண்டு பேரும் வேன்ல நாமக்கல்லுக்குச் சரக்கெடுக்கப் போனோம். ஆண்டகளூர் கேட்டு தாண்டி ரோட்டோரமா ஒரு சின்னப் பள்ளிவாசல். நிறுத்துங்கத்தான்னான். வழக்கமா நிறுத்தற எடம்தான். பின்னால தகரக் கதவு போட்ட கக்கூசு. உள்ள போனதும் மொதல் வேலையா கொழாயத் தொறந்து விட்டான். வீட்லயும் இப்படித்தான், தண்ணி கொட்டற சத்தம் வெளிய கேட்டுக்கிட்டே இருக்கணும். ஆத்துல நின்னு ஒளு செஞ்சாலும் தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு எனக்கே பாடம் எடுக்கற பய, அங்க மட்டும் வாளி வாளியா வழிய விடுவான்.

நான் வேன்ல உக்காந்திருந்தவன் எறங்குனேன். ஏன் எறங்குனேன்னு இப்பவும் தெரியல. பின்பக்கமாப் போனேன். மேல டேங்கு, கீழ வால்வு. மூடிட்டேன்.

கொழாய் நின்னுச்சு. உள்ள ஒரு கணம் ஒண்ணும் கேக்கல. அவன் மூச்சுக்கூட. அப்பறம் அவன் போற சத்தம் கேட்டுச்சு தம்பி. அடக்க முடியலபோல. அப்பறம் அதுவும் நின்னுச்சு. அத்தா, தண்ணி நின்னு போச்சு, பாருங்கன்னான். நான்தாண்டா நிறுத்துனேன்னேன். தகரக் கதவுக்குக் கீழ அவன் கால் ரெண்டும் தெரியுது, வெரல மடக்கி வச்சிருக்கான்.

எங்கள்ல புள்ளைங்க அப்பன அத்தாம்போம். பாசம் வந்தா அப்பனும் புள்ளைய அத்தான்னே கூப்பிடறதுண்டு. இவனுக்கு மீசை மொளைச்சதுக்கப்பறம் நான் அப்படிக் கூப்பிட்டதில்ல. வெயிலு மண்டையப் பொளக்குது, ரோட்ல லாரி போயிக்கிட்டே இருக்கு, நான் அந்தக் கதவுல நெத்திய வச்சுக்கிட்டு அவன் காதுக்கு மட்டும் கேக்கற மாதிரிக் கேட்டேன்.

அத்தா அப்ராரு, ஒண்ணா விழுதா, ரெண்டா விழுதாய்யா?